அமரர் ஒச்செரெ இணைப்புச் சாலை

எமிரெசோ நகராட்சியில் மொத்தம் எத்தனை தெருக்கள் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு. அத்தனையையும் வரைந்தவன் நான். அவற்றில் எத்தனை தெருவில் கால் வைத்து நடக்க முடியும் என்று கேட்பவர்கள் வேறு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அது எங்கள் பிரிவின் வேலை இல்லை.

நான் நகரமைப்புப் பிரிவில் வரைவாளர். பெயர் நியார்க்கோ. குமாசி நகரம் எங்கள் பக்கமாக வீங்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வேலை குறைந்ததே இல்லை. மரவள்ளித் தோட்டம் ஒன்று வெட்டப்படும். நான் அதைக் கட்டம் கட்டமாக வரைவேன். ஊர்த் தலைவர் கட்டங்களை விற்பார். மனைகள் தீர்ந்ததும் மனைகளுக்கு நடுவே நான் விட்டிருந்த தெருக்களை விற்றார். தெருக்கள் தீர்ந்ததும் பள்ளிக்கூடத்துக்கு விட்ட இடத்தை விற்றார். வாங்கியவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். முதலில் சுவர் எழுப்பினார்கள், பிறகு கதவு வைத்தார்கள், கடைசியாகத்தான் கதவைத் திறந்து எந்தப் பக்கம் போவது என்று பார்த்தார்கள்.

இதெல்லாம் எங்கள் தலைமை அதிகாரி திரு. அம்பொன்சா-டாபோவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு வருடம் முன்பு அமைச்சகத்திலிருந்து 'இணைப்பு எண்' என்று ஒன்று வந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்குள் எத்தனை தெருச் சந்திப்புகள் இருக்கின்றனவோ அதுதான் அந்த ஊரின் இணைப்பு எண். எண் கூடினால் ஊர் முன்னேறியதாக அர்த்தம். அந்தச் சுற்றறிக்கையை அவர் மூன்று முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நியார்க்கோ, சந்திப்பை எங்க எண்ணச் சொல்லியிருக்கான் பாரு. தரையிலன்னு போட்டிருக்கா?"

"இல்ல சார். வரைபடத்துலன்னு போட்டிருக்கு."

"அப்ப என்னய்யா உக்காந்திருக்க? பென்சிலை எடு."

ஒரே வாரத்தில் அறுநூறு சந்திப்புகள் போட்டேன். பெரிய தெருக்களை இரண்டாகப் பிரித்தேன், சின்னத் தெருக்களை வளைத்து இன்னொன்றில் முட்டவிட்டேன். எங்கள் எண் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது. அதிகாரிக்குக் கேடயம் கொடுத்தார்கள். எனக்குப் புது நாற்காலி வந்தது, சுழலும் வகை.

அஃப்ராகோமா என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பேருந்து நிலையத்தில் அவித்த கிழங்கும் கீரைக் குழம்பும் விற்பவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் மனைப் பத்திரம், அதற்குள் கணவனின் மருத்துவச் சீட்டு.

"சார், என் வீட்டுக்கு வழி இல்ல."

அதிகாரி பத்திரத்தை வாங்கி எண்ணைப் பார்த்தார். என்னிடம் வரைபடத்தின் ஏழாம் தாளை விரிக்கச் சொன்னார். விரித்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, உங்க வீட்டைச் சுத்தி அஞ்சு தெரு இருக்கு. இந்த நகராட்சியிலேயே உங்களுக்குத்தான் வசதி ஜாஸ்தி. நான் இருக்கற இடத்துல ரெண்டே ரெண்டு தெருதான்."

"எங்க சார் இருக்கு அந்த அஞ்சு தெரு?"

"ஏழாவது தாள்ல."

"சார், அங்கல்லாம் இப்ப வீடு வந்துருச்சு. மூணு பக்கம் முன்னாடியே அடைச்சுட்டாங்க. மிச்சம் இருந்த வடக்குப் பக்கத்துல போன மாசம் பர்கர் அடூசே சுவர் வச்சுட்டாரு."

ஹாம்பர்க்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எங்கள் ஊரில் பர்கர் என்போம். அடூசே பதினெட்டு வருடம் அங்கே பாத்திரம் கழுவிச் சேர்த்ததையெல்லாம் சுவராகத்தான் எழுப்பியிருந்தார். உள்ளே வீடு இன்னும் அஸ்திவாரத்தில் நின்றது.

"தெரு மேல வீடு இருக்கலாம்மா," என்றார் அதிகாரி. "அதுக்காகத் தெரு இல்லைன்னு ஆயிடுமா? ஆத்து மேல பாலம் கட்டியிருக்கோம். அங்க ஆறு இல்லைன்னு யாராவது சொல்றாங்களா?"

அவள் மருத்துவச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். கணவன் ஒச்செரெ. அறுபத்து நாலு வயது. மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் சனியும், பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் நெஞ்சில் நீர் ஏறி மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

"இது சுகாதாரப் பிரிவு," என்று அதிகாரி சீட்டை இரண்டு விரலால் திருப்பித் தள்ளினார்.

ஆனாலும் அவர் கடமை தவறாதவர். மறுவாரம் நேரில் பார்வையிடப் போனோம். வரைபடத்தில் உள்ள ஐந்து தெருக்களிலும் அந்த வீட்டை அணுக முயன்றோம். ஒரு தெருவில் தேவாலயம் நின்றது. ஒன்றில் கோழிப் பண்ணை. அடுத்த இரண்டையும் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மைத்துனரும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அடூசேயின் சுவருக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு மர ஏணி சாத்தியிருந்தது.

அந்த ஏணி வழியாகத்தான் ஒச்செரெ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு பழைய கதவுப் பலகையில் அவரைக் கட்டி, கயிறு போட்டு, இசிஃபு என்ற டாக்சிக்காரனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் சுவர் மேலே ஏற்றி இந்தப் பக்கம் இறக்குவார்கள். நாங்கள் போனபோது அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலை கீழே, கால் மேலே என்ற நிலையில் அவர் எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

"வாங்க சார். ரோடு பாக்க வந்தீங்களா? இதுதான் ரோடு. கொஞ்சம் செங்குத்தா இருக்கு."

இசிஃபு சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் ஏணியைச் சுற்றி வந்தார். ஒரு முனையில் வீடு, மறு முனையில் பொது இடம், நடுவே ஆள் நடமாட்டம். சட்டத்தில் சாலைக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் அதுதான். ஆனால் இந்தச் சாலை ஏழாம் தாளில் இல்லை.

"அனுமதி இல்லாத சாலை," என்றார். "நியார்க்கோ, பெயிண்ட்."

சிவப்புப் பெயிண்ட் எப்போதும் எங்கள் வண்டியில் இருக்கும். எங்கள் ஊரில் அது எழுதப்படாத சுவரே குறைவு. ஏணியின் குறுக்குக் கட்டைகளில் இடம் போதாததால் ஒரு கட்டைக்கு ஒரு சொல்லாக எழுதினேன்: நிறுத்து. அனுமதிச். சீட்டைக். காட்டு. தேதியும் போட்டேன். மூன்றாம் நாள் எங்கள் ஆட்கள் போய் ஏணியை எடுத்து வந்து பொருள் கிடங்கில் வைத்தார்கள். அதே வாரம், இணைப்பு எண் பட்டியலின்படி ஐந்து தெருக்கள் சந்திக்கும் ஒரே மனை என்பதால், அஃப்ராகோமாவுக்கு 'சிறப்பாக இணைக்கப்பட்ட இல்லம்' என்று நகராட்சிச் சான்றிதழும் அனுப்பினோம். தபால்காரன் அதைச் சுவருக்கு மேலே வீசிவிட்டுப் போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒச்செரெ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏணி இல்லாமல் அவள் மட்டும் எப்படியோ, கோழிப் பண்ணையின் வேலிக்கு அடியில் தவழ்ந்து, முழங்கை சிராய்ப்போடு அலுவலகத்துக்கு வந்தாள்.

"சார், கால் யானைக்கால் மாதிரி ஆயிருச்சு. படுக்க முடியல, உக்காந்தே இருக்காரு. சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு மெஷின் கிடைக்கும்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி இல்லையாம். அந்த ஒரு நாளைக்காவது வழி விடச் சொல்லுங்க சார்."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு ரோடு வேணும்னா முறையா விண்ணப்பிக்கணும்மா. நில அளவை, ஆட்சேபணை, மறு அளவை. ஆறு வருஷம் ஆகும். நான் மறைச்சுப் பேசுற ஆள் இல்ல."

"ஆறு வருஷமா?"

"அவசரம்னா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இறுதிச் சடங்குச் சாலை. துக்க வீட்டுக்கு ஜனம் வந்து போக வழி இல்லைன்னா மூணு நாள்ல புல்டோசர் அனுப்பணும்னு நகராட்சித் தீர்மானம். நம்ம ஜனங்க சாவுக்கு மரியாதை குடுக்குறவங்க. அதுல எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து கிடையாது."

அவள் மெல்லக் கேட்டாள். "அதுக்கு அவரு சாகணுமா சார்?"

"தீர்மானத்துல அப்படி ஒண்ணும் போடல. போஸ்டர் ஒட்டியிருக்கணும். குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும். அவ்வளவுதான்."

"இறப்புச் சான்றிதழ் சார்?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னை வெறுப்போடு பார்த்தார். "துக்க வீட்டுல போய்ச் சான்றிதழ் கேப்பியாய்யா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

அஃப்ராகோமா தன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. அதிகாரிக்குப் புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒச்செரெயின் தாய்வழிக் குடும்பத் தலைவர் ஒப்பானின் ஜாபா. ஒப்பானின் என்பது எங்கள் ஊரில் பெரியவருக்குத் தரும் பட்டம். சகோதரி மகன் படுக்கையில் விழுந்து பதினாலு மாதமாகியும் ஒரு நாள்கூட வந்து பார்க்காதவர். வழி இல்லாததால் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். போஸ்டர் என்றதும் அவர் கண்கள் ஈரமாகிவிட்டதாக அஃப்ராகோமா பிறகு சொன்னாள்.

"மாமா, அவரு இன்னும் இருக்காரு."

"இருக்கட்டும்மா, யாரு வேண்டாங்குறா? ஆனா குடும்பத்துல ஆறு மாசமா ஒரு நல்ல காரியம் இல்ல. துணி எடுத்து வச்சது பீரோவுலயே கிடக்கு. எந்தச் சனிக்கிழமை?"

"இந்தச் சனிக்கிழமை."

"இவ்வளவு சீக்கிரமா? சரி, அவன் உயிரோட இருக்கும்போதும் அவசரக்காரன்தான்."

புதன்கிழமை காலையில் ஊர் முழுக்கப் போஸ்டர் இருந்தது. மேலே 'என்ன ஒரு பேரதிர்ச்சி' என்று பெரிய எழுத்து. கீழே லாரியின் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கும் ஒச்செரெ. படத்தைத் தேர்ந்தெடுத்தது அவரேதான்.

அன்று மதியமே புல்டோசர் வந்துவிட்டது. ஓட்டுநர் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். அடூசே ஓடி வந்தார். நான் சண்டையை எதிர்பார்த்து வரைபடத்தை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"சாவுன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் அழுதார். "அந்தம்மா மூணு தடவை வந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுச்சு. நான் என்ன கல் நெஞ்சக்காரனா?"

பதினெட்டு வருடச் சுவரின் முதல் கல்லை அவரே சம்மட்டியால் தட்டினார். புல்டோசர் மீதியைப் பார்த்துக்கொண்டது. தேவாலயத்துப் பாதிரியார் தன் கழிப்பறையை விட்டுக்கொடுத்தார். பள்ளி ஆசிரியர் ஒரு வராந்தாவை இழந்தார், அதற்காக வருந்தவில்லை. வியாழக்கிழமை மாலைக்குள் அஃப்ராகோமாவின் வாசலிலிருந்து பிரதான சாலை வரை நானூறு மீட்டருக்குச் செம்மண் சாலை நேராக ஓடியது. நான் வரைந்த தெருக்களில் தரையில் பார்த்த முதல் தெரு அதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இசிஃபு அன்று மாலையே டாக்சியை உள்ளே கொண்டு போய்விட்டான். சடலம் ஏற்ற வந்த வண்டி என்று சொன்னதால் நகராட்சிக் காவலாளி சல்யூட் அடித்து உள்ளே விட்டான். திரும்ப வெளியே வரும்போதுதான் தகராறு. சாலையின் முகப்பில் சிவப்பு நாடா கட்டி, திறப்பு விழாவுக்கு முன்னால் யாரும் ஓட்டக் கூடாது என்று எங்கள் அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. சடலம் இல்லாமல் சடல வண்டி வெளியே போவதற்கு அந்த உத்தரவில் வழி இல்லை.

வெள்ளிக்கிழமை, சடங்கு ஏற்பாடுகளைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். ஒச்செரெ நாற்காலியில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

"நீதான் இந்த ரோட்டை வரைஞ்சவனாப்பா?"

"ஆமாங்க."

"நேரா இருக்கு. நாப்பது வருஷம் ஓட்டினேன். இவ்வளவு நேரா ஒண்ணு பாத்ததில்ல. என் பேரா வைக்கப் போறாங்க?"

"ஆமாங்க. அமரர் ஒச்செரெ இணைப்புச் சாலை."

அவர் சிரிக்க முயன்றார். அது இருமலாகிவிட்டது. அஃப்ராகோமா அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நாளைக்கு வரைக்கும் தாங்குமான்னு தெரியல. இன்னிக்கே கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரி வாசல்ல படுக்க வச்சாலும் பரவால்ல. உங்க ஐயாகிட்ட கேளுங்களேன். இல்லைன்னா நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிட்டாவது போறேன்."

"தூக்கிட்டா?" என்று ஒச்செரெ தலையை நிமிர்த்தினார். "எனக்குன்னு ரோடு போட்டிருக்கான். அதுல நான் வண்டியிலதான் போவேன்."

அலுவலகத்துக்குப் போய் அதிகாரியிடம், அமரர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். அவர் படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அதை எழுதுறதுக்கு இதுல பத்தி இல்லையே. அமைச்சகத்துலேர்ந்து நாளைக்கு ஆள் வர்றாங்க. வீட்டுக்குள்ள அவரு என்ன நிலைமையில இருக்காருங்கறது அவரோட சொந்த விஷயம், அதுல நகராட்சி தலையிட முடியாது. பேர் வைக்காத ரோட்டுல வண்டி போனா அது ஆக்கிரமிப்பு. அந்தம்மாகிட்ட சொல்லு, நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத் திறந்ததும் முதல் வண்டி அவங்க வண்டிதான். என் வாக்கு."

நான் திரும்பிப் போய் அந்த வாக்கைச் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

எங்கள் ஊரில் இறுதிச் சடங்கை எங்கே நடத்துவார்கள் என்பதை அதிகாரி, அவள், நான் என மூன்று பேருமே மறந்துவிட்டோம். தெருவில்தான் நடத்துவோம். வேறெங்கே நடத்துவது? தெருவை அடைத்துப் பந்தல் போடுவோம், பந்தலுக்குக் கீழே நாற்காலி போடுவோம், நாற்காலிக்கு முன்னால் ஆளுயர ஒலிபெருக்கி வைப்போம். பிறந்த நாளிலிருந்து எல்லோரும் பார்த்து வளர்ந்த விஷயம். நான் மட்டும் குறைந்தது முந்நூறு சாவுக்காவது அப்படித் தெருவை அடைத்து உட்கார்ந்து அழுதிருப்பேன்.

சனிக்கிழமை காலை நான் போனபோது சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பந்தல். இரண்டாயிரம் நாற்காலி. கறுப்பும் சிவப்பும் உடுத்திய ஜனம். வந்தவர்கள் வரிசையாகப் போய், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கிக் கை கொடுத்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் இவர்கள் எழுந்துபோய்ப் பதிலுக்குக் கை கொடுத்தார்கள். பந்தலின் உட்கோடியில், கடைசி வரிசைக்கு இரண்டடி தள்ளி, இசிஃபுவின் டாக்சி நின்றது. பின் இருக்கையில் ஒச்செரெ ஜன்னலோடு முகத்தை ஒட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அஃப்ராகோமா விதவைக்குரிய கறுப்பில் அவர் தலையைத் தாங்கியிருந்தாள்.

எட்டு மணிக்குத் தொடங்க வேண்டியது எட்டே முக்காலுக்குத் தொடங்கியது. அமைச்சக விருந்தினர்கள் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் சாலைக்குப் பெயர் சூட்டு. குழந்தைக்கு எட்டாம் நாள் செய்வதைப் போலவே செய்தார்கள். ஒப்பானின் ஜாபா ஒரு சொட்டுத் தண்ணீரைச் செம்மண்ணில் விட்டு, "தண்ணின்னா தண்ணின்னே சொல்லு" என்றார். ஒரு சொட்டு ஜின் விட்டு, "சாராயம்னா சாராயம்னே சொல்லு" என்றார். பொய் பேசாத சாலையாக அது வளர வேண்டும் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள்.

இசிஃபு ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி வந்து ஜாபாவின் காதருகே குனிந்தான்.

"பெரியவரே, ரெண்டு வரிசையை நகத்தினா ஓரமாப் போயிடுவேன். மனுஷன் கண்ணு சொருகுது."

"மெதுவாப் பேசுடா. அக்ராவுலேர்ந்தெல்லாம் வந்திருக்காங்க. இவ்வளவு ஜனத்தை வச்சுக்கிட்டு உயிரோட இருக்கான்னு சொன்னா அவனுக்குத்தானே அசிங்கம்? ஐயா பேசி முடிக்கட்டும்."

இசிஃபு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர்களிடம் கேட்டான். அவர்கள் புதுத் துணியைப் பார்த்தார்கள், செம்மண்ணைப் பார்த்தார்கள், அதிகாரி எழுந்துவிட்டதைப் பார்த்தார்கள். அதிகாரி பேசும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது. அடூசே மட்டும் உணர்ச்சிவசப்பட்டு, "பேச்சு முடிஞ்சதும் நானே தூக்குறேன், தம்பி" என்றார். இசிஃபு திரும்பிப் போய்த் தனியாகத் தூக்கப் பார்த்தான். நீர் ஏறிய உடம்பு அசையவில்லை.

அதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"பெரியோர்களே, நகரம்னா என்ன? வீடா? இல்ல. ஜனமா? இல்லவே இல்ல. நகரம்னா சந்திப்பு! நான் பதவிக்கு வந்தப்போ இந்த ஊர்ல சந்திப்பு எவ்வளவு? இன்னிக்கு எவ்வளவு? இன்னிக்கு ஒரு மனுஷன் இந்த ஊர்ல எங்கேர்ந்தும் எங்கயும் போகலாம், தாள் கையில இருந்தாப் போதும்!"

கைதட்டல். நான் மேடையில் அவருக்குப் பின்னால் ஏழாம் தாளை ஒட்டிய பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். மணி ஒன்பது பத்து. ஹாரன் நீளமாகக் கேட்டது.

"அந்த ஹாரன் சத்தம் கேக்குதா?" என்று அதிகாரி கையை உயர்த்தினார். "அதுதான் வளர்ச்சியோட சத்தம்! போன வாரம் வரைக்கும் இந்த இடத்துல ஒரு வண்டி நின்னு ஹாரன் அடிக்க முடிஞ்சிருக்குமா? அடிப்பா, நல்லா அடி!"

ஜனம் சிரித்துக் கைதட்டியது. இசிஃபு அடித்துக்கொண்டே இருந்தான். மேடை உயரமாக இருந்ததால் பந்தலின் அந்தக் கோடி வரை எனக்குத் தெரிந்தது. தூரத்து டாக்சி ஜன்னலில் ஒரு கை அசைவது மட்டும் தெரிந்தது. நான் பலகையைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். நான் ஒருவன் போயிருந்தால் இன்னும் இரண்டு பேர் வந்திருப்பார்கள், மூன்று பேரும் இசிஃபுவும் சேர்ந்தால் தூக்கியிருக்கலாம். வைக்கவில்லை. அமைச்சக விருந்தினர் ஏழாம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோழை, அவ்வளவுதான், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு ஹாரன் நின்றது. அஃப்ராகோமாவின் குரல் எழுந்தது. அந்தக் குரல் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் தராது.

அதிகாரி பாதி வாக்கியத்தில் நிறுத்தித் தலையைக் குனிந்தார். இரண்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாற்காலிகள் மடங்கின. இளைஞர்கள் புதுத் துணியோடு செம்மண்ணில் மண்டியிட்டுப் பந்தல் கால்களைப் பிடுங்கினார்கள். ஆளுயர ஒலிபெருக்கிகளை ஆறு ஆறு பேராகத் தூக்கி ஓரம் கட்டினார்கள். அடூசே கல்லையெல்லாம் கையால் பொறுக்கினார். "இறந்தவருக்கு வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஒப்பானின் ஜாபா முன்னால் ஓடினார். நான் கடிகாரம் பார்த்தேன், வேலைப் பழக்கம். நாலு நிமிடத்தில் நானூறு மீட்டரும் காலியானது. இரண்டு பக்கமும் ஜனம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றது.

டாக்சி ஊர்ந்து வந்து மேடைக்குப் பக்கத்தில், நாடா கட்டியிருந்த இடத்தில் நின்றது. காவலாளி நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தான். அஃப்ராகோமா ஜன்னலைக் கீழே இறக்கினாள். மடியில் அவர் தலை இருந்தது. அவள் வண்டிக்குப் பின்னால், பந்தலும் நாற்காலியும் இல்லாமல் தன் வீட்டு வாசல் வரை கிடந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக முழுதாகப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

"இவ்வளவு அகலமா தம்பி இருந்துச்சு இந்த ரோடு?" என்று கேட்டாள்.

"நாற்பது அடிங்க," என்றேன்.